முட்டை ஓடிய பக்கம்

தச்சர் வீட்டு ஆம்லெட்டைப் பற்றி எங்கள் தெருவில் தெரியாதவர் கிடையாது. ஒரு பக்கம் மெத்தை மாதிரி தடிப்பாக இருக்கும். மறுபக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியும். முட்டையை ஊற்றியதுதான் தாமதம், அது நேராகப் பின்சுவர்ப் பக்கம் ஓடிப்போய் ஒதுங்கி நிற்கும். தச்சர் பெண்சாதி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், சட்டியை மாற்றிப் பார்த்தாள். அடுப்பின் காலுக்கு அட்டையை மடித்து வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நாள் ஒழுங்காக வரும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி என்று முட்டை மறுபடியும் ஓட ஆரம்பிக்கும்.

"தடிப்பக்கம் மாப்பிள்ளைக்கு" என்பாள் அக்கா.

"பெத்த பொண்ணுக்குக் காகிதமா? நல்லா இருக்கும்மா உங்க நியாயம்!" என்பாள் மகள்.

மாப்பிள்ளை வாயே திறக்க மாட்டார். சாப்பிடும்போது பேசினால் தட்டில் இருப்பது குறைந்துபோகும் என்று நம்புகிறவர். ஓட்டுவது தண்ணீர் லாரி. மூன்று வேளையும் அவருக்குப் பசி.

நான் எதிர் வரிசைத் தையல்காரி. சர்க்கரை இரவல் வாங்கப் போனால் வம்பு பேசிவிட்டு சர்க்கரையை மறந்துவிட்டு வருகிற ரகம். அதனால் அந்த வீட்டில் நடந்தது எனக்குத் தெரிந்த அளவு அவர்களுக்கே தெரியாது.

தச்சர் குடியிருந்த கட்டடத்தின் சொந்தக்காரரை மாடியார் என்போம். அவருடைய நிஜப் பெயர் மின்சாரக் கட்டணச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கையில் நாலு காசு சேர்ந்தால் மற்றவர்கள் நகை வாங்குவார்கள், நிலம் வாங்குவார்கள். இவர் மாடி கட்டுவார். அனுமதி வாங்கியது என்னவோ தரைத்தளத்துக்கும் ஒரு மாடிக்கும்தான். அதற்கு மேலே எழும்பியதற்கெல்லாம் வேறு பெயர் வைத்திருந்தார். இரண்டாம் மாடி, அதிகாரிகள் வந்தால், 'தண்ணீர்த் தொட்டி'. மூன்றாம் மாடி 'துணி காயப்போடும் கொட்டகை'. நான்காவது மாடி அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் பெயர் சூட்டவில்லை.

தண்ணீர்த் தொட்டியில் டீச்சர் குடியிருந்தார். "நான் தொட்டியிலேயே இருக்கேன், ஆனா குழாய்ல தண்ணி வரலை" என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

கட்டடம் நின்ற இடம் இருக்கிறதே, அது முன்பு பெரும் பள்ளம். ஊர்க் குப்பையையும் இடித்த வீட்டுக் கல்லையும் லாரி லாரியாகக் கொட்டி, மேலே மண்ணைத் தூவி, மனை என்று விற்றார்கள். பின்பக்கம் பாதிப் பள்ளம் மூடாமலே கிடந்தது. மாடியாரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவர் வண்டிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஆனால் ஆசை என்ற ஒன்று இருக்கிறதே, அதற்கு ஏணி வைத்துக் கொடுத்தால் இறங்கவே தெரியாது.

அந்தக் கட்டடத்தின் கதவு, ஜன்னல் எல்லாம் தச்சர் செய்தவை. கூலிக்குப் பதிலாக நான்காவது மாடியில் ஒரு வீடு என்று பேச்சு. தரைத்தளத்தில் ஒரே அறையில் நான்கு பேர் கிடந்தார்கள். மகளுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை பிறப்பதற்குள் மகளையும் மாப்பிள்ளையையும் மேலே குடிவைத்துவிட வேண்டும் என்பதுதான் அந்த மனுஷனின் மூச்சு, பேச்சு எல்லாம். அந்த வீட்டு வாசலுக்கென்று தனியாக ஒரு கதவு செய்து, தெருமுனைப் பட்டறையில் போர்வை போர்த்தி வைத்திருந்தார். நான் விலக்கிப் பார்த்தால்கூடத் திட்டுவார்.

அந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்தது. மழை பிடித்ததும் கதவுகள் சிக்க ஆரம்பித்தன. முதலில் டீச்சர் வீட்டுக் கதவு.

"என்ன தச்சரே, தோள்பட்டையால இடிச்சாத்தான் திறக்குது. பள்ளிக்கூடத்துல என்னைப் பார்த்தா குஸ்திக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு."

"மரம் டீச்சர், மரம்! அதுக்கும் உயிர் இருக்குல்ல? மழையைக் குடிக்கும், வயிறு ஊதும். நாலு இழுப்பு இழுத்தா வழிக்கு வந்துடும்."

கதவைக் கீலிலிருந்து கழற்றிப் படுக்கவைத்து, இழைப்புளியை இரண்டு கையாலும் பிடித்து அவர் சீவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சுருள் சுருளாக மரம் உரிந்து விழும். மகள் அதிலொன்றை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு "எப்படி என் கம்மல்?" என்று கேட்பாள். கதவு மாட்டியதும் விரலால் தள்ளினால் வெண்ணெய் மாதிரி மூடும். தச்சருக்கு அப்போது முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்க வேண்டும்!

மாடி மாடியாக ஏறிச் சீவினார். சீவிய கதவே திரும்பச் சிக்கியது. திரும்பச் சீவினார். ஒரு பக்கம் சிக்கினால் மறுபக்கம் பூனை நுழைகிற அளவுக்கு இடைவெளி விழும். அங்கே சட்டம் அடித்தார். "மழை நிக்கட்டும், எல்லாம் சரியாப் போயிடும்" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வந்தார். எல்லோரும் நம்பினோம். மரத்தைப் பற்றித் தச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது?

மழை நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. கதவுகள் அப்படியேதான் சிக்கின.

"மரக்கடைக்காரன் பச்சை மரத்தைத் தலையில கட்டிட்டான்" என்றார் தச்சர். மரக்கடைக்காரனின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். பாவம், அவனுக்கு அன்றைக்கெல்லாம் புரையேறியிருக்கும்.

ஒரு நாள் காலையில், அதே தரைத்தளத்தில் தச்சர் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் இருக்கும் இஸ்திரிக்காரர் சத்தம் போட்டார். "அண்ணே, இங்க கொஞ்சம் வாங்களேன்! ஷட்டர் பாதியிலேயே நிக்குது. மேலயும் போகலை, கீழயும் வரலை. எங்க மச்சான் மாதிரி."

தச்சர் பழக்கதோஷத்தில் இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் போனேன், எனக்கு அன்றைக்குத் தைக்க மனசில்லை. ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மழையில ஊதி..." என்று ஆரம்பித்தார்.

அக்கா வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஏங்க, இரும்பு எந்த மழைக்கு ஊதுச்சு?"

இஸ்திரிக்காரர் கெக்கெக்கே என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தச்சர் சிரிக்கவில்லை. கையிலிருந்த இழைப்புளியைப் பார்த்தார், ஷட்டரைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

"ஒரு முட்டை ஊத்து."

"இப்பத்தானே சாப்பிட்டீங்க?"

"ஊத்துன்னா ஊத்து!"

அடுப்பைப் பற்றவைக்காமலே அக்கா முட்டையை உடைத்து ஊற்றினாள். அது சொல்லிவைத்த மாதிரி பின்சுவர்ப் பக்கம் ஓடியது. தச்சர் குனிந்து அடுப்பின் காலைப் பார்த்தார்.

"எத்தனை அட்டை வெச்சிருக்க இதுக்கடியில?"

"மாப்பிள்ளை செருப்பு வாங்கின டப்பா முழுசும்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீ அட்டை வெச்ச. நான் சீவினேன். கட்டடம் சாயுதுன்னு ஒவ்வொரு கதவும் தலையால அடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. ரெண்டு பேருமா சேர்ந்து அது வாயை மூடிட்டோமேடி!"

சிரித்த சிரிப்பெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மாடியார் முதல் மாடியில்தான் குடியிருந்தார். தச்சர் போய்ச் சொன்னபோது தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இவருக்கும் ஒன்று வரவழைத்தார்.

"கட்டடம்னா கொஞ்சம் உட்காரத்தான் செய்யும் தச்சரே. ராப்பகலா நின்னுட்டே இருக்கே, பாவம்."

"விளையாடாதீங்க முதலாளி. கீழ போட்டது ஒத்தை மாடிக்கான அஸ்திவாரம். கொட்டின குப்பை மேல நிக்குது. பின்பக்கமா சாயுது. எல்லாரையும் இறக்கிடுங்க."

"நானும்தானே இதுக்குள்ள இருக்கேன்? எனக்கு உயிர் வெல்லம் இல்லையா? உங்க மகளுக்குக் கொடுக்கப்போற வீட்டுக்கு நீங்களே வாய் வைக்கலாமா?" மாடியார் கோப்பையைக் கீழே வைத்தார். "பயமா இருந்தா விட்டுடுங்க. மேல் வீட்டுக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்கு."

தச்சர் இறங்கி நேராகப் பட்டறைக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க அந்தப் போர்வை போர்த்திய கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சோறு கொண்டுபோன அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு வீடு வேணுமா, பொண்ணு வேணுமா?"

"என்னடி கேள்வி இது?"

"அப்ப எந்திரிச்சு வேலையைப் பாருங்க."

மகள் கட்டட அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்று முறை வந்ததும் சொன்னாளாம். அங்கிருந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "இந்த முகவரியில ஒரு மாடிதாம்மா இருக்கு. நீ சொல்ற மாடியெல்லாம் கிடையாது. இல்லாத மாடிக்கு நான் எப்படி ஆள் அனுப்புறது?" என்றாராம். அவள் வந்து அதை நடித்துக் காட்டியபோது சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அக்காவும் மகளும் அன்றே என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மற்றக் குடித்தனங்களிடம் தச்சர் படிப்படியாக ஏறிச் சொன்னார். போன இடத்திலெல்லாம் அவர் வாய்ச்சொல்லே அவருக்கு எதிரி.

"மழை நின்னா சரியாப் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மரத்துக்கு உயிர் இருக்கு, வயிறு ஊதும்னு பாடம் நடத்தினதே நீங்கதான்!"

"இருக்கிற வீட்டை விட்டுட்டு எங்க போய் நிக்கிறது? நீங்க சீவிக் கொடுங்க, போதும்."

தன் வாயால் கெட்ட தவளை மாதிரி திரும்பி வந்தார். வந்தவரை டீச்சரின் அலறல் திரும்ப மேலே இழுத்தது. டீச்சர் குளிக்கப் போன இடத்தில் கதவு சிக்கி உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். தச்சர் வெளியே நின்று கதவைக் கீலோடு கழற்றினார். டீச்சர் துண்டும் கோபமுமாக வெளியே வந்தார்.

"கதவை மாட்டிட்டுப் போங்க."

"மாட்டினா மறுபடியும் மாட்டிக்குவீங்க."

"அப்ப கதவில்லாத குளியலறையில நான் எப்படி? கூத்தா இருக்கே! நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன், சரி பண்ணினதும் சொல்லி அனுப்புங்க."

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவதைத் தச்சர் பார்த்தார். என் வீட்டு ஜன்னலிலிருந்து அக்காவும் பார்த்தாள். அந்த மனுஷன் நிமிர்ந்து பெண்சாதியைப் பார்த்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தார். உயிர் போகும் என்று சொல்லியும் அசையாத ஜனம், கதவு போனால் கிளம்பிவிடும்!

மறுநாள் காலை, மாடியார் சிமெண்ட் வாங்கப் போன நேரம் பார்த்துத் தச்சர் அறிவித்தார். "எல்லா வீட்டுக் கதவையும் ஒரேயடியா சரி பண்ணித் தர்றேன். வாசல் கதவு, குளியலறைக் கதவு, எல்லாம். காசு வேணாம், என் பொறுப்பு."

இலவசம் என்றால் கேட்க வேண்டுமா! அவரவர் கதவை அவரவரே தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். மாப்பிள்ளை தண்ணீர் லாரிக்கு லீவு போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு கதவு தூக்கும்போது இவர் இரண்டாகத் தூக்கினார். தடிப்பக்கம் சாப்பிட்டது வீண் போகவில்லை. மாடியார் வீட்டம்மாவும் "எங்களோடதையும் எடுத்துக்கோங்க" என்று தானே கூப்பிட்டுக் கொடுத்தார். நான்காவது மாடியில் நட்டிருந்த தன் ஏணியையும் பலகைகளையும் தச்சர் இறக்கிவிட்டார். அது இல்லாமல் மேலே வேலை செய்ய முடியாது என்று கொத்து வேலைக்காரர்களும் தூக்குச்சட்டியோடு கிளம்பிவிட்டார்கள்.

மதியத்துக்குள் பட்டறை நிரம்பி, கதவுகள் தெருமுனை மரத்தடிவரை சாய்ந்து நின்றன. ஷட்டர் சிக்கிய இஸ்திரிக்காரரும் அந்த மரத்தடியில்தான் தள்ளுவண்டியில் கடை போட்டிருந்தார்.

பிறகுதான் கலாட்டா ஆரம்பித்தது.

"எப்பப்பா மாட்டுவீங்க?"

"பசை காயணும்."

"எப்பக் காயும்?"

"மரத்தைப் பொறுத்தது."

"மனுஷன் குளிக்க வேணாமா? ராத்திரி கதவைத் திறந்து போட்டுத் தூங்கச் சொல்றீங்களா?"

"யாராச்சும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய்ட்டு வாங்களேன். பார்த்து நாளாச்சுன்னு சந்தோஷப்படுவாங்க."

சந்தோஷப்பட்டார்களோ இல்லையோ, போனார்கள். திட்டிக்கொண்டே பை கட்டினார்கள், நகையை மடியில் முடிந்துகொண்டார்கள், ஒவ்வொரு குடும்பமாகத் தெருவைத் தாண்டிப் போனார்கள். மாடியார் வீட்டம்மா குழந்தைகளோடு தன் அம்மா வீட்டுக்கு ரிக்‌ஷா ஏறினார். "கதவில்லாத வீட்டுக்கு ஒரு முதலாளியாம்" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

வெயில் சாய்கிற நேரத்துக்கு மாடியார் வந்து சேர்ந்தார். தன் வீட்டு வாசல் ஆவென்று திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தார். சண்டை என்றால் நான் மிஷினை நிறுத்திவிடுவேன், ஓடினேன். அக்காவும் மகளும் கூடவே வந்தார்கள்.

"கதவைக் கழட்டி என் குடித்தனத்தையே காலி பண்ணிட்டீரேய்யா! உம்மைச் சும்மா விடமாட்டேன்! மேல் வீடு உமக்குக் கிடையாது, கேட்டுக்கும்!"

"வேணாம் முதலாளி."

"உம்ம மக நடுத்தெருவுலதான் பிரசவிப்பா!"

"நடுத்தெருவாவது நேரா இருக்கும்" என்றாள் மகள்.

மாடியார் ஒரு கதவைப் பிடித்து இழுத்தார். தச்சர் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தபோது, தெரு நடுவிலிருந்து பெரிய மரக்கிளை முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. நாங்கள் திரும்பினோம்.

கட்டடம் மெதுவாகத்தான் போனது. முட்டை ஓடிய பக்கமே ஓடியது. பெயர் வைக்காத மாடி முதலில், அதன் பின்னால் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாமாகச் சேர்ந்து பின்பக்கப் பள்ளத்தில் போய் விழுந்தன. தரை ஆடியது. புழுதி எழும்பி எங்களையெல்லாம் மூடியது. சிறிது நேரத்துக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மகள் மட்டும் இருமிக்கொண்டே "அப்பா! அப்பா!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

புழுதி அடங்கியபோது மாடியார் கதவை இன்னும் பிடித்தபடி நின்றார்.

"என் வீட்டுக்காரி... பிள்ளைங்க..."

"அவங்க அம்மா வீட்டுக்குப் போயாச்சு முதலாளி" என்றாள் அக்கா. "கதவில்லைன்னு உங்களைத் திட்டிக்கிட்டே போனாங்க."

மாடியார் தச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தச்சரும் அழுதார். நான் மட்டும் என்ன கல்லா? இஸ்திரிக்காரர்தான் நிதானமாக நின்று ஒவ்வொரு குடித்தனமாக எண்ணினார். யார் வீட்டில் யார் யார், யாருக்கு என்ன சட்டை என்று அவருக்கு அத்துப்படி. நீலக்கட்டம் போட்ட சட்டைக்காரர் எங்கே, பூப்போட்ட பாவாடைக்காரி எங்கே என்று விசாரித்து, ஆள் அனுப்பிப் பார்த்து, "ஒரு சட்டைகூடக் குறையலை" என்றார்.

அலுவலகத்திலிருந்து அன்றைக்கு ஆட்கள் வந்தார்கள். கோப்பு வைத்திருந்தவர் இடிபாட்டையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மாடிதானே இருக்கணும்?"

தங்கை வீட்டிலிருந்து ஓடிவந்த டீச்சர் முன்னால் போய் நின்றார். "அப்ப இத்தனை நாள் நான் எங்க சார் குடியிருந்தேன்?"

அவர் கோப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மாடியாரைப் போலீஸ் கூட்டிப்போனது. வழக்கு இன்னும் இழுக்கிறது. பள்ளத்தை மனையென்று விற்றவர்களை யாரும் தேடக்கூட இல்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். பாத்திரம், கட்டில், துணி எல்லாம் மண்ணோடு போனது. மிஞ்சியவை கதவுகள். குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கதவை அடையாளம் பார்த்து எடுத்துப்போனார்கள். திட்டிவிட்டுப் போனவர்கள் தச்சர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார்கள். "பசை காஞ்சிடுச்சா?" என்று ஒருவர் கேட்டுவிட்டு விம்மினார்.

தச்சர் குடும்பம் எங்கள் வரிசையிலேயே, தலைக்கு மேல் மாடி ஒன்றுமில்லாத ஓட்டு வீடு ஒன்றுக்கு வாடகைக்கு வந்தது. வாசலில் அந்தப் போர்வைக் கதவை மாட்டினார். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொழுக்மொழுக்கென்று அப்பனை உரித்துவைத்த மாதிரி, பால் குடிக்கும்போது சத்தமே கிடையாது.

அடுத்த மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. நான் சர்க்கரை இரவல் வாங்கப் போய்க் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. சிக்கியிருந்தது.

உள்ளே அத்தனை பேச்சும் பொசுக்கென்று நின்றது. மாப்பிள்ளை உள்ளிருந்து இழுத்தார், நான் வெளியிலிருந்து தள்ளினேன், கதவு கிறீச்சென்று திறந்தது. தச்சரின் கை இழைப்புளியை நோக்கிப் போய் அந்தரத்தில் நின்றது. மகள் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள். சட்டியை வைத்தாள். முட்டையை எடுத்தாள். நாங்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்று குனிந்தோம். உடைத்து ஊற்றினாள்.

முட்டை நடுவில் விழுந்தது. ஒரு ஆட்டம் ஆடியது. பிறகு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவி, வட்டமாக நின்றது.

"மரம்தான்" என்றார் தச்சர். "வெறும் மரம்தான்டி. மழை நின்னா சரியாப் போயிடும்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அப்போதுதான், அந்த வீட்டுக்கு மருமகனாக வந்த நாளிலிருந்து சட்டிக்கு முன்னால் வாயே திறக்காத மாப்பிள்ளை திறந்தார்.

"அப்ப தடிப்பக்கம்?"

"இனிமே தடிப்பக்கமே கிடையாது மாப்பிள்ளை!" அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்த்து, இன்னொரு முட்டையை எடுத்து உடைத்தாள்.

அதுவும் நடுவிலேயே நின்றது.